நம் வீட்டுப் பூனைக்கு வந்த வியாதி

பூனைக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டால், "பூனைக்குமா!" என்று ஆச்சரியப்படுகிறவர்கள் பாதிப் பேர், "பூனைக்குத்தானே!" என்று சமாதானம் சொல்கிறவர்கள் மீதிப் பேர். சென்ற பதினாறு மாதங்களில் இந்த இரண்டு வாக்கியங்களையும் நாம் எத்தனையோ பேரிடம் கேட்டாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நம்முடன் வேலை பார்க்கும் கணித உபாத்தியாயர் ஒருவர் மட்டும் இரண்டையும் சொல்லாமல், "ஆகாரம் எடுக்கிறதா?" என்று கேட்டார். அவர் வீட்டிலும் ஒரு பூனை உண்டு என்பது பிறகுதான் தெரிய வந்தது.

2013-ம் வருஷத்து ஐப்பசி மழையில், மாம்பலத்திலுள்ள நம் வீட்டு மாடிப்படியின் கீழே உள்ளங்கை அளவு பூனைக்குட்டி ஒன்று வந்து ஒதுங்கிற்று. புது வெல்லத்தின் நிறம். ஆகையால் அதற்கு வெல்லம் என்றே பெயர் வைத்தாள் நம் புத்திரி. அப்போது அவளுக்கு வயது நாலு. நம் வீடு சைவ போஜனம் செய்யும் வீடு. வெல்லம் இதைப் பற்றித் தர்க்கம் ஒன்றும் செய்யவில்லை. காலையில் நம் வீட்டில் தயிர் சாதம், மத்தியானம் அடுத்த வீட்டு அம்மாளிடம் மீன் என்று இரண்டு இடத்தில் குடித்தனம் வைத்துக்கொண்டு, பத்து வருஷம் சௌக்கியமாகக் காலம் கழித்தது.

2023-ம் வருஷம் கார்த்திகை வாக்கில் அது இளைக்கத் தொடங்கிற்று. வாரத்துக்கு இரண்டு முறை வாந்தி எடுத்தது. பூனை தன் ரோமத்தை நக்கி விழுங்கினால் வாந்தி எடுக்கத்தான் செய்யும் என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டோம். அலமாரியின் உச்சிக்குத் தாவுவதை நிறுத்தியபோது, வயதாகிறது என்றோம். ஒரு நாள் நம் புத்திரி அதைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் இயந்திரத்தின்மேல் ஏறி நின்றாள். பிறகு தான் மட்டும் நின்று, கழித்துப் பார்த்தாள். முன்பு 4.6 கிலோ இருந்த பிராணி 3.6 கிலோ இருந்தது. ஒரு கிலோதானே என்று நினைக்கத் தோன்றும். அறுபது கிலோ உள்ள மனிதர் பதின்மூன்று கிலோ இளைத்தால் அவரைப் பார்த்து நாம் அப்படிச் சொல்லுவோமா? வகுப்பில் பிள்ளைகளுக்கு விகிதக் கணக்குப் போட்டுக் காட்டுகிற நமக்கு, வீட்டில் அந்தக் கணக்கைப் போடத் தெரியவில்லை.

முதலில் பார்த்த வைத்தியர் குடற்புழுவுக்கு மருந்து கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. நூற்றுக்குப் பல பூனைகளுக்கு அதுவே போதும். வாந்தி நிற்காமல் போகவே, தை மாதத்தில் ஒரு பிரம்புக் கூடையில் வெல்லத்தை வைத்துத் துணியால் மூடி, ஆட்டோரிக்ஷாவில் பெரிய மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். வழி நெடுக அது போட்ட கூச்சலில், ஓட்டுநர் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி, "குழந்தைக்கு என்ன சார்?" என்று விசாரித்தார்.

அந்த வைத்தியசாலையின் கூடத்தில் காத்திருந்த மூன்று மணி நேரத்தில் நாம் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல. ஒரு கிழவர் வெள்ளைப் பூனை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அதன் காதுகளின் ஓரம் புண்ணாகிக் கருகியிருந்தது. சண்டையில் பட்ட காயம் என்று ஆறு மாதம் மஞ்சள் தடவினாராம். வெள்ளைப் பூனைகளின் காது நுனியிலும் மூக்கிலும் வெயிலைத் தடுக்கும் நிறமி இல்லை. மொட்டை மாடியில் படுத்து வெயில் காய்ந்தே அவற்றுக்கு அவ்விடத்தில் புற்று வருவதுண்டு. ஆரம்பத்திலேயே காதின் மடலை வெட்டி எடுத்துவிட்டால் அநேகமாகப் பிழைத்துவிடும். பார்ப்பதற்குத்தான் ஆந்தை மாதிரி இருக்கும். இன்னொரு அம்மாள் கொண்டு வந்திருந்த பெண் பூனையின் மடியில் நெல்லிக்காய் அளவு கட்டி. பூனைகளுக்கு அவ்விடத்தில் வரும் கட்டி பெரும்பாலும் பொல்லாததே. ஒரு வயது முடிவதற்குள் சூலகங்களை அகற்றும் சஸ்திர சிகிச்சை செய்துவிட்டால் அந்த அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும் என்று அங்கே சொன்னார்கள். இதை வாசிக்கும் வீடுகளில் பெண் குட்டி இருந்தால் கவனிக்க வேண்டுகிறோம்.

வெல்லத்தின் வயிற்றை அல்ட்ராசவுண்டு இயந்திரத்தால் பார்த்த வைத்தியர் அம்மாள், சிறுகுடலின் சுவர் தடித்திருக்கிறது என்றார். இது நாள்பட்ட அழற்சியாகவும் இருக்கலாம். லிம்போமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. வெளியிலிருந்து பார்த்து இன்னது என்று சொல்லிவிட முடியாது. குடலிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். "அதற்குள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமே" என்று, நண்பர் ஒருவர் சொல்லிக் கொடுத்தபடி கேட்டோம். அந்த அம்மாள் தலையை அசைத்தார். முதலில் அதைக் கொடுத்துவிட்டால் நோயின் அடையாளம் மறைந்து, சோதனையே குழம்பிப் போகும் என்றார்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. லிம்போமாதான். ஆனால் அதிலும் இரண்டு ஜாதி உண்டாம். பெரிய அணுக்களால் ஆனது வேகமாகப் பரவும். சிகிச்சை செய்தாலும் பெரும்பாலும் சில மாதங்களே. சிறிய அணுக்களால் ஆனது மெதுவாக நடக்கும். வெல்லத்துக்கு வந்தது இரண்டாவது. பிரெட்னிசொலோன், குளோராம்புசில் என்ற இரண்டு மாத்திரைகளை வீட்டிலேயே கொடுத்து வந்தால், இந்த வகையில் பெரும்பாலான பூனைகள் தேறிவிடுகின்றன. ஏறக்குறைய இரண்டு வருஷம் வரை, சில அதற்கு மேலும், நன்றாக இருக்கின்றன. நோய் அடியோடு போய்விடும் என்று மட்டும் நம்பக் கூடாது.

இதை வீட்டில் வந்து சொன்னபோதுதான் உண்மையான சங்கடம் ஆரம்பித்தது. நம் தாயாருக்கு வயது எழுபத்தாறு. நம் தகப்பனார் 2009-ல் இதே வியாதியால் காலமானார். அவருக்கு வந்தது இரைப்பையில். அந்த எட்டு மாதமும், மருந்து ஏற்றிக்கொண்டு வந்த மறுநாள் வீட்டில் கடுகு தாளிக்கக் கூடாது. வாசனை பட்டாலே அவருக்குக் குமட்டும். அன்று முதல் இன்று வரை அம்மா அந்த நோயின் பெயரைச் சொன்னதில்லை. 'அது' என்றுதான் சொல்லுவார்.

"ஏண்டா, உன் அப்பாவைப் படுத்தியது போதாதா? வாயில்லா ஜீவனையும் அப்படிப் படுத்த வேண்டுமா? பேசாமல் மடியில் வைத்துக்கொண்டு, போகிறபோது போகட்டும் என்று விடு" என்றார்.

நம்மிடம் இதற்குப் பதில் இல்லை. அம்மா சொன்னதையே அடுத்த தடவை வைத்தியர் அம்மாளிடம் ஒப்பித்தோம். அவர் கோபிக்கவில்லை. "உங்கள் தாயார் கேட்டது சரியான கேள்வி. மனிதர்களுக்கு நோயை வேரோடு களைய வேண்டும் என்ற எண்ணத்தில், உடம்பு தாங்கும் எல்லை வரையில் மருந்து கொடுக்கிறோம். நாளை பிழைப்பதற்காக இன்று கஷ்டப்படுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். பூனைக்கு அது தெரியாது. ஆகையால் அதற்கு மருந்தின் அளவே வேறு. அது சிரமப்பட்டால் மருந்தைக் குறைப்போம், அப்படியும் சிரமப்பட்டால் நிறுத்திவிடுவோம்" என்றார்.

அன்று இரவு சாப்பாடு ஆன பிறகு, எல்லாரும் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் நிபந்தனைகளை எழுதினோம். சேமிப்பிலிருந்து இவ்வளவு தொகை. அதற்கு மேல் கடன் வாங்குவதில்லை. (சோதனைக்கு மட்டுமே அந்த மாதச் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு போயிருந்தது.) வெல்லம் தன் வாழ்க்கையில் விரும்பிச் செய்கிற காரியங்களில் பெரும்பாலானவை நின்றுபோனால் சிகிச்சையும் நிற்க வேண்டும். அவை என்ன காரியங்கள்? ஜன்னலில் உட்கார்ந்து அணிலை வைவது, சாயங்காலம் நாம் வரும்போது மாடிப்படி வரை வந்து எதிர்கொள்வது என்று இரண்டை எழுதினாள் நம் புத்திரி. அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "நான் ராமாயணம் படிக்கும்போது, சரியாகப் படிக்கிற பக்கத்தின்மேல் வந்து படுக்கிறதே, அதையும் எழுது" என்றார். சம்மதம் கிடைத்துவிட்டது என்று அறிந்தோம்.

குளோராம்புசில் என்ற அந்தச் சிறு மாத்திரையின் பூர்வோத்தரம் விசித்திரமானது. 1917-ம் வருஷம் ஜூலை மாதத்தில், பெல்ஜியத்து ஈப்ர் நகருக்கருகே ஜெர்மானியர் முதன்முதலாகக் கடுகு வாயு என்ற விஷத்தைப் பிரயோகித்தார்கள். அது பட்டவர்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்துபோவதைப் பின்னர் வைத்தியர்கள் கவனித்தார்கள். வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு இதையே மருந்தாக்கினால் என்ன என்று தோன்றி, அதன் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளை 1942-ல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் ஒரு நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வம்சத்தில் பிற்பாடு பிறந்ததுதான் குளோராம்புசில். யுத்த களத்து விஷத்தின் பேரப்பிள்ளை, நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது!

விஷத்தின் வம்சம் என்பதால் ஜாக்கிரதையும் வேண்டும். மாத்திரையைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கிட்ட வரக் கூடாது. பூனையின் மலமூத்திரத்தை அள்ளும்போதும் கையுறை அவசியம். முதல் வாரம் மாத்திரையை வெண்ணெயில் உருட்டிக் கொடுத்து, வெற்றி வெற்றி என்று மகிழ்ந்தோம். அலமாரியை நகர்த்திப் பெருக்கியபோது, வெண்ணெய் நக்கப்பட்ட மூன்று மாத்திரைகள் பின்னாலிருந்து வெளிவந்தன. பிறகு வைத்தியசாலையில் சொல்லிக் கொடுத்தபடி, வாயைத் திறந்து நாக்கின் பின்பகுதியில் போட்டு மூடி, ஊசியில்லாத பீச்சாங்குழலால் சிறிது தண்ணீர் விடப் பழகினோம். தண்ணீர் விடாவிட்டால் மாத்திரை தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடுமாம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்க வேண்டும். மறதி வராமலிருக்க, "ஒற்றைப்படைத் தேதிகளில் மாத்திரை" என்று நாம் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "முப்பத்தொன்றாம் தேதியும் ஒற்றை, ஒன்றாம் தேதியும் ஒற்றை. அடுத்தடுத்த நாள் விஷத்தைக் கொடுப்பாயோ?" என்றார். பட்டதாரி உபாத்தியாயர் வாய் பேசவில்லை. அன்றிலிருந்து நாள்காட்டியில் மாத்திரை நாள்களுக்குச் சிவப்புப் புள்ளி வைக்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் வாந்தி நின்றது. பி-12 என்ற உயிர்ச்சத்து சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படுவதால், அங்கே நோய் வந்த பூனைக்கு அது குறைந்துபோகிறது. அதற்கு வாரம் ஒரு ஊசி போட்டார்கள். தயிர் சாதத்தைக் குறைத்து மீனையும் இறைச்சியையும் கூட்டச் சொன்னார்கள். பூனை மாமிசத்தை நம்பியே படைக்கப்பட்ட பிராணி. அடுத்த வீட்டு அம்மாள் தாமாகவே முன்வந்து, உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்த மீனைத் தினமும் இரண்டு வேளை கொடுத்தனுப்பினார்கள். அந்தக் கிண்ணம் நம் வீட்டுச் சமையலறைக்குள் மட்டும் வராது. கூடம் வரையில் வரும். மூன்றாவது மாதம் எடை 4.2 கிலோ. ரோமம் கொட்டுமோ என்று பயந்தோம்; கொட்டவில்லை. மீசை மட்டும் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. நம் புத்திரி அவற்றைப் பொறுக்கி ஒரு தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள். கடுகு தாளிக்கும்போது வெல்லம் சமையலறை வாசலில்தான் உட்கார்ந்திருந்தது. அதை அம்மா பல நாள் கவனித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சுகமாகவே நடந்தது என்று சொல்ல மாட்டோம். ஆறாவது மாதத்தில் ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் குறைந்து, இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்த நேர்ந்தது. இன்னொரு சமயம் உடம்பு சுடுகிறதே என்று, உறவினர் ஒருவர் பரிவோடு பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைப் பாலில் கலக்கப் போனார். நல்ல வேளையாக நம் இல்லாள் பார்த்துவிட்டாள். மனிதருக்குச் சாதாரணமான அந்த மாத்திரையில் ஒரு துண்டே பூனையின் உயிரைக் குடித்துவிடும். பூனை வைத்திருக்கும் வீடுகளில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாலும் தகும்.

சென்ற மாதத்திலிருந்து எடை மறுபடியும் குறைகிறது, இப்போது 3.8 கிலோ. இந்த மாத்திரை கேட்காவிட்டால் வேறு மருந்து இருக்கிறது. அதற்கும் சில பூனைகள் கொஞ்ச காலம் வசப்படுகின்றன என்றார் வைத்தியர் அம்மாள். வலியில்லாமல் முடித்து வைக்கும் ஊசியைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். அதை அம்மாவிடம் நாம் இன்னும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறோம்.

முந்தாநாள் இரவு அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தோம். அணிலை வைவது நடக்கிறது. மாடிப்படி வரை வருவது நின்று பத்து நாள் ஆகிறது. மூன்றாவதில்தான் வழக்கு. வெல்லத்தால் இப்போது ஊஞ்சலின்மேல் ஏற முடிவதில்லை. ஆகையால் அம்மா ஊஞ்சலை விட்டுவிட்டு, முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, புஸ்தகத்தைப் பாயில் விரித்துப் படிக்கிறார். அதுவும் வந்து பக்கத்தின்மேல் படுத்துக்கொள்கிறது. இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறாள் நம் புத்திரி. புஸ்தகம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதவில்லையே என்கிறார் அம்மா.