கணக்கு எங்கே உதைக்கிறது?

முட்டம் கடலில் காற்றும் நீரோட்டமும் இல்லாத நேரம். ஒரு பெரிய வள்ளம், ஒரு சின்ன வள்ளம், நடுவே ஒரு கயிறு. பெரியதில் நின்று இழுத்தால் சின்னது விரைந்து வரும். பெரியதும் கொஞ்சம் நகரும். ஆனால் இரண்டும் சேர்ந்து தாமாகவே கன்னியாகுமரிப் பக்கம் ஓடிவிடாது. கடலோரச் சிறுவனுக்கும் இது தெரியும்.

1983இல் இஸ்ரேலிய இயற்பியலாளர் மோர்தெகாய் மில்க்ரோம், கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் என்ற ஒன்று இல்லாமலேயே விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை விளக்க, நியூட்டன் விதியைத் திருத்தினார். அந்த முதல் சூத்திரத்தை, நிறை வேறுபட்ட இரண்டு விண்மீன்களுக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த வள்ளங்களைப் போலன்றி, யாரும் தள்ளாமலே ஜோடியாக வேகமெடுத்து ஓடும்! உந்த அழிவின்மை விதியே உடைகிறது. அடுத்த ஆண்டே இயற்பியலாளர் பெக்கன்ஸ்டைனுடன் சேர்ந்து அவர் அதைச் சரிசெய்தார். குறையைக் கண்டுபிடிக்கத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. தாளும் பேனாவும் போதும்.

வானத்தோடு ஒத்துப்போவது அப்புறம். ஒரு ஈர்ப்புக் கோட்பாடு முதலில் தன்னோடு முரண்படக் கூடாது.

நம் வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகரும் இந்தச் சோதனையைச் சந்தித்தவர். 1964இல் அவரும் ஃபிரெட் ஹாயிலும், ஒவ்வொரு துகளின் நிறையும் பிரபஞ்சத்தின் மற்றத் துகள்களால்தான் வருகிறது என்றார்கள். அதில் பாதி கடந்தகாலத்திலிருந்து, பாதி எதிர்காலத்திலிருந்து. அப்போது ஆராய்ச்சி மாணவரான ஸ்டீபன் ஹாக்கிங் கூட்டிப் பார்த்தார். விரியும் பிரபஞ்சத்தில் எதிர்காலப் பங்கு முடிவிலிக்குப் போய்விடுகிறது. எனக்கு இன்றும் அழகாகத் தோன்றும் கோட்பாடு அது. ஆனால் கணக்கு உதைத்துவிட்டது.

அந்த நார்லிகரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர் தாணு பத்மநாபன். நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்த சில மாதங்களில், 1957 மார்ச்சில், திருவனந்தபுரத்தில் பிறந்தவர். தாணு என்ற பெயரைக் கேட்டதும் நமக்குச் சுசீந்திரம் தாணுமாலயன்தான் நினைவுக்கு வருவார்.

பத்மநாபன் பல ஆண்டுகள் உழைத்த இடம் இன்னும் நுட்பமானது. சமன்பாட்டில் காலத்தைப் பொறுத்த வகைக்கெழு இரண்டாம் படியைத் தாண்டினால், பெரும்பாலும் ஆற்றலுக்குக் கீழ்வரம்பே இல்லாமல் போகும் என்று 1850இலேயே கணிதவியலாளர் ஆஸ்ட்ரோகிராட்ஸ்கி காட்டியிருந்தார். அடியில்லாக் கிணறு போல, எதுவும் நிலைக்காது. அந்த எல்லைக்குள் நின்று, வெளிகாலத்தின் வடிவியலை மட்டும் வைத்து, நான்கு பரிமாணங்களில் சமன்பாடு எழுதினால் மிஞ்சுவது ஐன்ஸ்டைன் சமன்பாடும் ஒரு பிரபஞ்ச மாறிலியும் மட்டுமே. 1971இல் கணிதவியலாளர் லவ்லாக் நிறுவியது இது. பரிமாணம் கூடினால் புதிய உறுப்புகள் வரும். அங்கேயும் கருந்துளை எல்லையில் ஈர்ப்புச் சமன்பாடுகள் வெப்ப இயக்கவியல் விதிகளின் வடிவம் பெறுவதைப் பத்மநாபனும் அவர் மாணவர்களும் காட்டினார்கள். 2021 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

ஈர்ப்பைப் பற்றி அவர் எழுதிய பெரிய பாடநூல் 2010இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்தது. நாகர்கோவிலில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் கல்லூரி நூலகத்தில் அதைக் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லுங்கள்.