ஆறு பேர் கேட்டால் நிலம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓர் ஊரின் ஆறு வாக்காளர்கள் சேர்ந்து, காய்கறி பயிரிட நிலம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் உள்ளாட்சி மன்றம் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். தேவை இருப்பது உறுதியானால் நிலம் ஒதுக்குவது அதன் கடமை. 1908ஆம் ஆண்டுச் சட்டம் இது. லண்டன் உள்நகரம் மட்டும் விலக்கு.

'அலாட்மென்ட்' எனப்படும் அந்தத் துண்டு நிலத்தின் வழக்கமான அளவு நம் கணக்கில் ஆறேகால் சென்ட். ஆண்டு வாடகை கட்டி, உருளைக்கிழங்கும் லீக்ஸும் பீன்ஸும் வீட்டுத் தேவைக்காகப் பயிரிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டுச் சட்டம் கோழி, முயல் வளர்க்கவும் அனுமதித்தது. சேவலுக்கு மட்டும் அனுமதியில்லை! இரண்டாம் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசே மக்களை மண்வெட்டி எடுக்கச் சொன்னது. இத்தகைய நிலங்கள் ஏறத்தாழ 14 லட்சமாகப் பெருகின. பிறகு பெரும்பகுதி கட்டடங்களுக்குப் போனது. இன்று பல ஊர்களில் ஒரு துண்டு நிலத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

பயிரிடுவோர் சங்கங்கள் விதையையும் எருவையும் மொத்தமாக வாங்கிப் பகிர்கின்றன. புதியவர் மலைத்துப் போகாமலிருக்க முதலில் பாதி நிலம் தருகின்றன. குனிய முடியாத முதியவர்களுக்கு உயரமான பாத்தி கட்டித் தருகின்றன. எல்லாமே நல்ல காரியங்கள். ஆனால் காலடி நிலம் நிலைக்குமா என்ற பயம் தீராமல் எந்த எருவும் பயன் தராது. மண்ணைப் பண்படுத்தவே சில வருடங்கள் ஆகும். நாளை காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்றால் யார் ஆப்பிள் மரம் நடுவார்கள்?

அலாட்மென்ட்டுக்கென்றே மன்றம் வாங்கிய நிலத்தை, அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது என்கிறது 1925ஆம் ஆண்டுச் சட்டம். 'தற்காலிகம்' என்று பதிவான நிலத்துக்கு அந்தக் காப்பு இல்லை. காப்பு இருந்தாலும் அமைச்சர் ஒப்புதல் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. வாட்ஃபோர்டில் ஃபார்ம் டெரஸ் தோட்டக்காரர்கள் மருத்துவமனையையொட்டிய தங்கள் நிலத்துக்காக உயர் நீதிமன்றம் வரை போராடி, 2016இல் தோற்றார்கள். கிழக்கு லண்டனில் சுமார் நூறாண்டு பயிர் கண்ட மேனர் கார்டன் நிலத்தை 2012 ஒலிம்பிக் பூங்காவுக்காக 2007இல் காலி செய்ய வைத்தார்கள். விழா சில வாரங்களில் முடிந்தது. பல தலைமுறைகள் பக்குவப்படுத்திய மண்ணை லாரியில் ஏற்றி வேறிடத்தில் கொட்டிவிட முடியுமா? எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

1930இல் தொடங்கிய தேசிய அலாட்மென்ட் சங்கம் உறுப்பினர்களுக்குச் சட்ட ஆலோசனையும் தருகிறது. நிலம் பெறுபவர் மண்ணைப் பார்க்கும் முன்பே, அது எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று மன்றத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தற்காலிகம் என்று பதில் வந்தால், நிரந்தர வகைக்கு மாற்றும்படி அன்றே மனு போட வேண்டும்.