பெட்டிக்குள் இருக்கும் காக்கிச் சட்டை

கோலா கெத்தில் வட்டாரத்தில் தாத்தா விட்டுச்சென்ற டிரங்குப் பெட்டியை இன்னும் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. சிலவற்றின் அடியில் ஒரு காக்கிச் சட்டையோ பச்சைச் சட்டையோ மடித்துக் கிடக்கும். பழைய சாமான் வாங்குகிறவர் வாசலில் நின்று, "வெள்ளைக்காரன் காலத்துச் சட்டையா? பத்து வெள்ளி தருகிறேன்" என்பார். கொடுப்பதற்குமுன் அதை வெளிச்சத்தில் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். என் பெரியம்மா அப்படி ஒரு சட்டையைக் கிழித்துப் பால்வாளி துடைக்க வைத்துக்கொண்டார். அதன் கழுத்துப் பட்டையில் என்ன எழுதியிருந்தது என்று எங்கள் வீட்டில் யாருமே பார்க்கவில்லை.

இத்துணிகள் நம் பக்கம் வந்த வழிகள் பல. 1941 டிசம்பரில் ஜித்ராவில் தோற்ற 11ஆவது இந்தியப் படைப்பிரிவு கூருண் வழியாகப் பின்வாங்கியது. வெள்ளைக்காரர், பஞ்சாபியர், ஜாட்டுகள், கூர்க்காக்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். 1948இல் அவசரகாலம் வந்தபோது தோட்டக் காவலுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களைச் சேர்த்தார்கள். பிறகு சுங்கைப் பட்டாணியில் கூர்க்காப் பயிற்சி முகாம் பல ஆண்டுகள் நடந்தது.

முதலில் கழுத்தின் உட்புறம் பாருங்கள். காக்கையின் கால்தடம் போல, மேல்நோக்கிய அம்பு ஒன்று முத்திரையாக இருந்தால் அது பிரிட்டிஷ் அரசுச் சொத்து. அம்போடு 'ஐ' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால் இந்தியாவில் தைத்தது. பக்கத்தில் அளவும், தைத்த கம்பெனியும், ஆண்டும் இருக்கலாம். ஆண்டு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நிறமும் பேசும். ஜித்ராவில் சண்டையிட்டவர்கள் அணிந்தது காக்கி. காட்டுப் பச்சை பரவலாக வந்தது 1943ஐ ஒட்டி, பர்மாப் போருக்காக. பச்சைச் சட்டையைக் காட்டி "ஜித்ராவில் போட்டது" என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு அனுப்பிவிடலாம்.

அடுத்தது பொத்தான். அதில் கிரீடம் இருந்தால் அதன் வளைவைக் கவனியுங்கள். மேற்புறம் உருண்டு எழுந்திருந்தால் மன்னர் காலத்தது, அதாவது 1952க்கு முந்தியது. நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் எலிசபெத் ராணி காலத்தது. ஆனால் 2022இல் பட்டமேற்ற சார்ல்ஸ் மன்னர் மறுபடியும் உருண்ட கிரீடத்தையே தேர்ந்தெடுத்தார். ஆகவே கிரீடம் மட்டும் சாட்சியாகாது. பித்தளை கனமாக இருக்கும். பிற்காலத்து அலுமினியப் பொத்தான் இலேசாக இருக்கும். பொத்தானை மாற்றித் தைப்பதும் சுலபம். பழைய பொத்தானாக இருந்தால் அடியில் உள்ள துணி வெளுக்காமல் இருக்கும். பச்சைக் களிம்புக் கறையும் இருக்கலாம்.

கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் இக்காலச் செயற்கை நூல் பெரும்பாலும் பளிச்சென்று ஒளிரும். ஆனால் இன்றைய சலவைத்தூளில் துவைத்த பழைய துணியும் ஒளிரும். ஆகவே துவைக்காதீர்கள். பித்தளையையும் தேய்த்து மினுக்காதீர்கள்.

விலை எப்படி? சாதாரணக் காக்கி அரைக்கால் சட்டை ஏராளமாகச் செய்யப்பட்டது, பெரிய விலை வராது. பெயரோ எண்ணோ எழுதிய சட்டை, அதை அணிந்தவரின் படம், பணிவிடுப்புத் தாள் மூன்றும் ஒன்றாக இருந்தால் கதை வேறு. அவற்றைப் பிரித்து விற்காதீர்கள். விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காமல், ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள்.

இன்னொன்று. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின் மலாயாத் தோட்டத் தமிழர் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். ஜப்பானியர் கைப்பற்றிய பிரிட்டிஷ் உடைகளும் அந்தப் படைக்குப் பயன்பட்டன. ஆகவே காக்கைக்கால் முத்திரை உள்ள சட்டையை அணிந்தவர் பிரிட்டிஷாரை எதிர்த்து நின்றவராகவும் இருக்கலாம். தோளிலும் மார்பிலும் சின்னம் பிய்த்த தையல் துளைகள் உண்டா என்று பாருங்கள். துளைகள் மட்டும் போதாது. விலை ஏற்றுவதற்காகப் புதுச் சின்னம் தைப்பவர்களும் உண்டு. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இன்றே கேளுங்கள். யார் அணிந்தது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதிச் சட்டையோடு வையுங்கள். குண்டூசி குத்த வேண்டாம், துருப்பிடிக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைத்தால் போதும்.

மறுநடவு செய்யும்போது மண்ணில் தலைக்கவசமோ தோட்டாவோ கிடைத்தால் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.