கண்ணாடிக்கு ஒரு கைப்பிடி

செகாவின் ‘நாய்க்காரச் சீமாட்டி’ கதையில் யால்டா துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கிறது. அந்தக் கூட்ட நெரிசலில் ஆன்னா செர்கேயெவ்னா தன் கண்ணாடியைத் தொலைத்துவிடுகிறாள். பின்னால் அவள் காதலன் கூரவ் அவளைத் தேடிக்கொண்டு அவள் ஊர் நாடக அரங்குக்குப் போகும்போது அவள் கையில் மறுபடியும் ஒரு கண்ணாடி இருக்கிறது. அது மூக்கில் மாட்டுவது அல்ல. பக்கவாட்டில் ஒரு பிடி வைத்து, வேண்டும்போது கண்ணருகே உயர்த்திப் பார்க்கும் லோர்ஞெட். கதை வெளியானது 1899இல். கதையை எழுதிய செகாவ் மூக்கைக் கவ்வும் கண்ணாடியோடுதான் படங்களில் இருக்கிறார். அவர் படைத்த பெண் மட்டும் ஏன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்?

கண்ணாடி பிறந்தபோது எல்லோருமே கையில்தான் பிடித்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் இரண்டு வில்லைகளை ஓர் ஆணியால் இணைத்துச் செய்தது அது. மூக்கின் மேல் வைத்தாலும் விரலால் தாங்க வேண்டும். காதுப்பக்கம் நீளும் கம்பிகள் 1720களின் இறுதியில்தான் லண்டனில் வந்தன. கை விடுதலையானது. ஆனால் அதே நூற்றாண்டு முடிவதற்குள் மேட்டுக்குடியினர் கைப்பிடியைத் தாங்களாகவே திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

காரணம் வெட்கம். மூக்குக் கண்ணாடி முதுமையின் அடையாளம், கணக்கெழுதிக் கண் கெட்டவர்களின் அடையாளம் என்று அரண்மனைகளும் விருந்துகளும் நினைத்தன. கவிஞர் கெதேவுக்குக் கண்ணாடி அணிந்தவர்களைக் கண்டாலே பிடிக்காது. ஓர் அந்நியர் கண்ணாடியோடு எதிரில் வந்து நின்றால், தன் முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் அவர் ஆராய்வது போலவும், அவருடைய கண்ணைத் தன்னால் பார்க்க முடியாதது போலவும் தோன்றுகிறது என்று 1830இல் தன் நண்பர் எக்கர்மானிடம் குறைபட்டுக்கொண்டார். கெதேவுக்கே தூரப்பார்வை சரியில்லை. ஆண்களுக்கே இந்தக் கூச்சம் என்றால், அழகாக இருப்பதே கடமை என்று வளர்க்கப்பட்ட பெண்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கூச்சத்தைக் கண்ணாடிக் கலைஞர்கள் நகையாக மாற்றினார்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் கருவிகள் செய்துகொடுத்த ஆடம்ஸ் குடும்பத்தின் பட்டறையில், வில்லைகள் மடிந்து கைப்பிடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் கண்ணாடி உருவானதாகச் சொல்வார்கள். புரட்சிக்குப் பிந்தைய பாரிஸில் மினுக்குக்கார இளைஞர்கள் கத்தரிக்கோல் வடிவக் கண்ணாடியை மூக்குக்குக் கீழிருந்து ஏந்திப் பார்த்தார்கள். லண்டனில் ராபர்ட் பேட் 1825இல் சுருள்வில் வைத்த மடக்குக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார். பொத்தானை அழுத்தினால் வில்லைகள் சட்டென்று விரியும். பொன், வெள்ளி, முத்துச்சிப்பி, யானைத்தந்தம், அழுங்காமை ஓடு என்று கைப்பிடிகள் மின்னின. ஓட்டுக்காகக் கொல்லப்பட்ட அந்த ஆமைகளை மறந்துவிட்டு இந்த அழகை என்னால் ரசிக்க முடிவதில்லை.

விசிறிக் காம்புகள் சேரும் முனையில் சிறு வில்லை பதித்த விசிறிகள் இருந்தன. மேடையை நோக்கிப் பிடித்தபடியே, உள்ளே சாய்த்து வைத்த முகம் பார்க்கும் கண்ணாடியின் உதவியால் பக்கத்து மாடத்தில் யார் யாருடன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் குழல்களும் இருந்தன. ‘பொறாமைக் கண்ணாடி’ என்றே அவற்றுக்குப் பெயர். ஓபரா அரங்கில் அன்று நாடகம் நடக்கும்போதும் விளக்குகள் எரிந்தன. மாடங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி அமைந்திருந்தன. பார்க்கப்படுவதற்காகவே அலங்கரித்து உட்கார வைக்கப்பட்ட பெண், அந்தக் கைப்பிடியை உயர்த்திய கணத்தில் பார்ப்பவளாக மாறினாள். இந்தப் பொருளின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். லெர்மன்தவின் ‘நம் காலத்து நாயகன்’ நாவலில் நாயகன் பெச்சோரின் தன் லோர்ஞெட்டைத் திருப்பி நோக்கியதும் இளவரசி மேரிக்குக் கோபம் மூள்கிறது. வில்லை வழியே ஒருவரை உற்றுப் பார்ப்பது அவமதிப்பாகவும் இருந்தது என்பதற்கு 1840இல் வந்த அந்தக் காட்சியே சான்று.

ஆனால் ஒரு கையைக் கண்ணாடிக்கே கொடுத்துவிட்டால் ஊசியில் நூல் கோக்க முடியாது. பேரேட்டைப் புரட்டிக்கொண்டே எழுத முடியாது. விளக்கொளியில் துணி தைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட பெண்ணுக்கு லோர்ஞெட்டால் ஒரு பயனும் இல்லை. அவளுக்கு வேண்டியது காதில் மாட்டும் சாதாரணக் கண்ணாடி. சீமாட்டி மாட்டிக்கொள்ள வெட்கப்பட்டதும் அதையேதான். கைப்பிடியில் இழைத்த முத்துச்சிப்பியைவிட, அதைப் பிடித்திருந்த கைக்கு வேறு வேலை இல்லை என்பதுதான் உண்மையான பகட்டு.

இருபதாம் நூற்றாண்டில் பெண்கள் அலுவலகத்துக்குப் போனார்கள், கார் ஓட்டினார்கள். லோர்ஞெட் மெல்ல மெல்லப் பாட்டிகளின் பொருளாகிவிட்டது. ஆனாலும் முகத்தில் மாட்டும்படி பெண்களுக்கென்று அழகான சட்டம் எதுவும் வரவில்லை. நியூயார்க்கில் கடை ஜன்னல்களை அலங்கரிக்கும் வேலை பார்த்த ஆல்டினா ஷினாசி, 1930களில் ஒரு கண்ணாடிக் கடை ஜன்னலில் இருந்த சோபையற்ற சட்டங்களைப் பார்த்து மனம் சலித்தார். வெனிஸ் திருவிழா முகமூடிகளை நினைத்துக்கொண்டு, ஓரங்கள் மேல்நோக்கி எழும் சட்டம் ஒன்றை வரைந்தார். பெரிய தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள். ஒரு கடை மட்டும் துணிந்து வாங்கி விற்றது. 1939இல் லார்ட் அண்ட் டெய்லர் நிறுவனம் அதற்கு வடிவமைப்பு விருது கொடுத்தது. பூனைக்கண் சட்டம் என்று இன்றைக்கும் கடைகளில் அது விற்கிறது.