12 நாள் லைவ்.. கேமரா முன்பே பிரிந்த உயிர்! பிரான்ஸ் ஸ்ட்ரீமர் மரணத்தில் பார்வையாளர்களுக்கும் பங்கு உண்டா?

லைவ்ல ஒருத்தர் அடி வாங்குறார். பார்க்குறவங்க சிரிக்கிறாங்க, காசு அனுப்புறாங்க. "எல்லாம் ஆக்டிங்தான்"னு கமெண்ட் வருது. இப்படி ஓடிய ஒரு லைவில் ஒருவர் உயிரே போனதுதான் பிரான்ஸை உலுக்கியது.

என்ன நடந்தது?

'ஜான் போர்மனோவ்' என்ற பெயரில் பிரபலமானவர் ரஃபாயேல் கிராவன், வயது 46. வீடியோ கேம் ஆடி லைவ் போட்டு வந்தவர். பின்னர் 'கிக்' தளத்தில் சக ஸ்ட்ரீமர்கள் அவரை அடிப்பது, கழுத்தை நெரிப்பது, தூங்கவிடாமல் செய்வது என நிகழ்ச்சியின் போக்கே மாறியது.

2025 ஆகஸ்ட் 18-ம் தேதி, நீஸ் நகருக்கு அருகே உள்ள கோன்ட் என்ற ஊரில் அவர் உயிரிழந்தார். அப்போது அந்த லைவ் 12 நாட்களைக் கடந்து, கிட்டத்தட்ட 300 மணி நேரத்தை எட்டியிருந்தது. அவர் படுக்கையில் அசைவில்லாமல் கிடந்ததும் லைவிலேயே தெரிந்தது.

அடியால் இறந்தாரா?

சமூக வலைதளங்களில் பலரும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் பிரேதப் பரிசோதனை சொன்னது வேறு. மரணத்துக்குக் காயங்களோ, பிறரின் தலையீடோ காரணம் இல்லை. உடல்நலக் கோளாறோ, உடலில் கலந்த ஏதேனும் பொருளோ காரணமாக இருக்கலாம் என நீஸ் அரசு வழக்கறிஞர் தெரிவித்தார்.

அப்போ பிரச்னை முடிஞ்சுதா? இல்லை. உடம்பு முடியாத ஒருவரை 12 நாள் கேமரா முன் வைத்திருந்தது சரியா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

முன்பே யாரும் தடுக்கலையா?

2024 டிசம்பரிலேயே 'மீடியாபார்ட்' செய்தித்தளம் இந்த லைவ்களை அம்பலப்படுத்தியது. போலீஸ் விசாரணையும் தொடங்கியது. 2025 ஜனவரியில் சக ஸ்ட்ரீமர்கள் இருவர் பிடித்து விசாரிக்கப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டனர். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த காட்சிகள் என்பது அவர்கள் தரப்பு வாதம். கிராவனும் தனக்குப் புகார் எதுவும் இல்லை என்றே சொன்னார். லைவ் தொடர்ந்தது.

"அவரே ஒத்துக்கிட்டாரே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கு பிரான்ஸிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. உயரம் குறைந்த ஒருவரைத் தூக்கி வீசும் கேளிக்கைக்கு ஒரு ஊர் மேயர் தடை போட்டார். வீசப்பட்டவரே "எனக்கு சம்மதம், இது என் பிழைப்பு" என்று வழக்கு போட்டார். ஆனால், 1995-ல் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் தடை செல்லும் என்றது. சம்மதமும் சம்பளமும் இருந்தாலும் மனித மாண்பை விலை பேச முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

கிக் தளம் மீது ஏன் கோபம்?

சந்தா பணத்தில் 95 சதவீதத்தை ஸ்ட்ரீமருக்கே கொடுப்பதாகச் சொல்லி வளர்ந்த தளம் இது. போட்டித் தளமான ட்விட்சில் பொதுவான பங்கு 50 சதவீதம். கட்டுப்பாடு குறைவு என்பதும் பலர் கிக் பக்கம் போகக் காரணம்.

மரணத்துக்குப் பிறகு சம்பந்தப்பட்ட ஸ்ட்ரீமர்களை கிக் தடை செய்தது. கிக் தன் கடமையைச் செய்யவில்லை என்று சொன்ன பிரான்ஸ் அமைச்சர் கிளாரா ஷப்பாஸ், தளத்தின் மீது வழக்கு தொடரப்படும் என அறிவித்தார். பாரிஸ் அரசு வழக்கறிஞர் அலுவலகமும் தனி விசாரணையைத் தொடங்கியது.

பார்வையாளர்களின் பங்கு என்ன?

இந்த மாதிரி லைவ் நீளக் காரணமே நன்கொடைதான். காசு வர வர நேரமும் கூடும், கொடுமையும் கூடும். தளமும் சட்டமும் தாமதமாக வந்தாலும், பார்ப்பவர் கையில் அந்த நிமிடமே இரண்டு வழி உண்டு. ஒன்று, ரிப்போர்ட் பட்டனை அழுத்துவது. இன்னொன்று, காசு போடாமல் வெளியே வருவது. "ஆக்டிங்தானே" என்ற சந்தேகம் இருந்தாலும் இதைச் செய்யலாம். நடிப்பாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நிஜமாக இருந்தால் ஒரு உயிர் மிஞ்சும்.