மெட்ரோ பள்ளத்தில் சரித்திரம் கிடைக்குமா?

பாலவாக்கத்தில் பஸ் ஏறி மயிலாப்பூர் போகிறவர்களுக்கு மெட்ரோ என்றாலே தடுப்பு, தூசி, டிராஃபிக்தான் ஞாபகம் வரும். இப்படி ஊரையே தோண்டும்போது, அந்த மண்ணில் பழைய சரித்திரமும் கிடைக்குமா?

கிடைக்கலாம். ஒரு சாதாரணக் குழியே இந்தியாவின் சரித்திரத்தை மாற்றிய இடம் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. 1863 ஜனவரி 10-ல் உலகின் முதல் சுரங்க ரயில் லண்டனில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு மே 30-ல், பல்லாவரத்தில் சரளைக்கல் எடுத்த குழி ஒன்றில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததை முதலில் காட்டிக் கொடுத்தது அந்தக் கல்தான்.

அள்ளிப்போன செங்கல்

ஹரப்பாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1850-களில் லாகூர் - முல்தான் ரயில் பாதைக்காக அந்த மேட்டின் செங்கற்களை அள்ளிக் கொட்டினார்கள். அது சிந்துவெளி நாகரிகத்தின் நகரம் என்று உலகுக்குத் தெரிந்தது 1924-ல்!

காத்திருந்த நகரங்கள்

மெக்சிகோ சிட்டியில் 1967-ல் மெட்ரோ பணியின்போது ஓர் ஆஸ்டெக் கோயில் மேடை வெளிப்பட்டது. அது இன்றும் பினோ சுவாரெஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கிறது. இஸ்தான்புல்லில் பழைய துறைமுகமும் 37 மரக்கப்பல்களும் கிடைத்தன. அவற்றைப் பத்திரமாக எடுத்து முடிக்க, மர்மரே ரயில் திட்டம் சில ஆண்டுகள் தள்ளிப்போனது.

விலையா, மதிப்பா?

சுரங்கம் குடையும் ராட்சத இயந்திரம் மிக ஆழத்தில் போகிறது. மனிதர் வாழ்ந்த தடயங்கள் பெரும்பாலும் மேல் சில மீட்டரிலேயே இருக்கும். ஆகவே கவனிக்க வேண்டியது, மேலிருந்து தோண்டும் ஸ்டேஷன் பள்ளங்களைத்தான்.

1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால், உடைந்த பானை ஓட்டுக்கு யார் விலை போடுவது? எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் மதிப்பே. லாரியில் ஏறிவிட்டால் அது வெறும் ஓடு.

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் இதே கதைதான். வித்தியாசமான கல்லோ, பானையோ தென்பட்டால் அசைக்காதீர்கள். இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள்.