பக்கத்துத் தோட்டத்தில் கொள்ளை... அரிவாளோடு ஓடலாமா?

சட்டம் தரும் உரிமையும் அதன் எல்லையும்

இரவு ஒரு மணி. நாய் விடாமல் குரைக்கிறது. இரண்டு வயல் தள்ளியிருக்கும் தோட்டத்து வீட்டிலிருந்து ஓர் அம்மாவின் அலறல். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த விவசாயி எழுந்து டார்ச்சைக் கையில் எடுக்கிறார். இறவாணத்தில் அரிவாள் செருகியிருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடுவதா? ஓடிப்போய், கைகலப்பில் திருடனுக்கு வெட்டு விழுந்துவிட்டால் வழக்கு யார் மேல் வரும்?

தோட்டத்து வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இது வெறும் கற்பனை அல்ல. 2024 நவம்பரில் திருப்பூர் மாவட்டம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த தாய், தந்தை, மகன் மூவரும் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே, தோட்டத்தில் தனியாக வசித்த வயதான தம்பதி கொல்லப்பட்டு நகைகள் பறிபோயின. அதற்குப் பிறகு பல வீடுகளில் தலைமாட்டில் கம்போ அரிவாளோ இல்லாமல் யாரும் படுப்பதில்லை. ஆனால், அதை எப்போது எடுக்கலாம், எதுவரை பயன்படுத்தலாம் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

அடுத்தவருக்காகவும் உரிமை உண்டு

2024 ஜூலை 1 முதல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. இதில் 35-வது பிரிவை ஒவ்வொரு விவசாயியும் தெரிந்துகொள்ள வேண்டும். தன் உடலை மட்டுமல்ல, வேறு எவருடைய உடலையும் காக்கலாம். தன் பொருளை மட்டுமல்ல, வேறு எவருடைய பொருளையும் திருட்டு, கொள்ளை, சேதம், அத்துமீறி நுழைதல் ஆகியவற்றிலிருந்து காக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. ஆக, பக்கத்துத் தோட்டத்துக்கு உதவிக்கு ஓடுபவருக்கும், அந்த வீட்டுக்காரருக்கும் சட்டத்தின் முன் ஒரே உரிமைதான். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2019 ஆகஸ்டில் தென்காசிப் பக்கம் கடையம் அருகே, முகமூடி போட்ட இருவர் அரிவாளோடு ஒரு தோட்டத்து வீட்டுக்குள் புகுந்து, அங்கிருந்த முதியவரின் கழுத்தைத் துணியால் நெரித்தார்கள். அவருடைய மனைவி கைக்குக் கிடைத்த செருப்பையும் நாற்காலியையும் வீசி அவர்களை எதிர்த்தார். பிறகு இருவருமாகச் சேர்ந்து அவர்களை விரட்டினார்கள். அந்தத் தம்பதிக்கு அரசு சுதந்திர தின விழாவில் வீரத்துக்கான விருது கொடுத்தது. அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தார் ஒருவர் கம்போடு ஓடிவந்து கொள்ளையரை அடித்திருந்தாலும் சட்டம் அதைக் குற்றமாகப் பார்த்திருக்காது.

ஆட்டுத் திருடனும் அரிவாள் தூக்கும் கொள்ளையனும் ஒன்றல்ல

உரிமை எல்லா நேரத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. பட்டியில் ஆட்டை அவிழ்ப்பவன், கிணற்றடியில் மோட்டார் ஒயரை அறுப்பவன் செய்வது திருட்டு. அவனைத் தடுக்கலாம், மடக்கலாம், பொருளைப் பிடுங்கலாம். அதற்குத் தேவையான பலத்தையும் காட்டலாம். ஆனால், உயிர் போகும்படி தாக்க உரிமை இல்லை.

அதே திருடன், தடுக்க வந்தவர் மேல் அரிவாளை ஓங்கினால் நிலைமை மாறிவிடுகிறது. திருடுவதற்காகவோ, திருடியதைக் கொண்டுபோவதற்காகவோ காயம் உண்டாக்கினாலும், அந்த இடத்திலேயே காயப்படுத்துவேன் என்று பயம் காட்டினாலும் அது கொள்ளை. 41-வது பிரிவின்படி, கொள்ளையின்போதும், சூரியன் மறைந்த பிறகு வீட்டை உடைத்து நுழையும்போதும், குடியிருக்கும் வீட்டுக்கோ பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்கோ தீ வைக்கும்போதும், உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்ச வேண்டிய திருட்டின்போதும், தற்காப்பு உரிமை எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் நீளும்.

ஆனாலும் 37-வது பிரிவு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. தடுப்பதற்கு எவ்வளவு தேவையோ அதைவிட அதிகமான கேட்டை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமையே கிடையாது. நேற்று ஆடு திருடியவனை இன்று சந்தையில் பார்த்து வெட்டினால், அது தற்காப்பு ஆகாது, பழிவாங்கல்தான்.

ஆபத்து ஓய்ந்தால் உரிமையும் ஓய்ந்தது

பெரும்பாலான நல்ல மனிதர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். கொள்ளையன் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டான். அல்லது பொருளைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். அல்லது பிடித்துத் தென்னை மரத்தில் கட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு விழும் ஒவ்வொரு அடியும் அடிப்பவர் மேல் வழக்காகத் திரும்பும். கட்டிப்போட்டவன் செத்துப்போனால் அது கொலை வழக்கு. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, முன்கூட்டித் திட்டமிடாமல், நல்லெண்ணத்தில் எல்லை மீறியிருந்தால் மட்டுமே அது கொலையாகாத மரணம் என்று குறையும். அதற்கும் கடுமையான சிறைத் தண்டனை உண்டு.

பிடித்தவரை என்ன செய்வது? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு, ஜாமீனில் விட முடியாத, போலீஸ் தானே கைது செய்யக்கூடிய குற்றத்தைத் தன் கண் முன்னால் செய்பவரைச் சாதாரணக் குடிமகனும் பிடிக்கலாம் என்கிறது. ஆனால், தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். ‘கண் முன்னால்’ என்பது முக்கியம். சந்தேகத்தின் பேரில் கைவைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே 2018 மே மாதம் நடந்தது சாட்சி. கோயிலுக்கு வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து ஊரார் தாக்கியதில், ஒரு முதிய பெண் இறந்துபோனார். தாக்கியவர்கள் கைதானார்கள்.

இருட்டில் தனியாகத் துரத்துவதும் ஆபத்து. 2021 நவம்பரில், திருச்சி நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் ஆடு திருடர்களைத் தனியாகத் துரத்திச் சென்று, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கே அந்தக் கதி.

கம்பு, துப்பாக்கி, மின்வேலி

விவசாயத்துக்கோ வீட்டு வேலைக்கோ மட்டுமே உரிய கருவிகளை ஆயுதச் சட்டம் ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. கைத்தடிக்கும், களை வெட்டும் கருவிக்கும் உரிமம் தேவையில்லை. துப்பாக்கி அப்படி அல்ல. பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்றவர், உயிர் போகும் ஆபத்தில் அதைப் பயன்படுத்தினால் தற்காப்பு உரிமையின் அளவுகோல்தான் அவருக்கும். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால், சுட்டது தற்காப்பு என்று தீர்ப்பு வந்தாலும் துப்பாக்கி வைத்திருந்ததற்குத் தனி வழக்கு நிற்கும்.

திருடனுக்காக வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது தற்காப்பு ஆகவே ஆகாது. பீகாரில் ஒருவர், தன் கழிப்பறைக்கு அத்துமீறி வருபவர்களைத் தடுக்க மின்கம்பி கட்டினார். அதைத் தொட்ட பெண் இறந்தார். தற்காப்பு என்ற வாதத்தை 1963-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, தண்டனை உறுதியானது. கம்பிக்குத் திருடன் யார், வழிதவறி வந்த குழந்தை யார் என்று தெரியாது.

அலறல் கேட்டால்...

* முதல் வேலை போன். 112 அல்லது 100-ஐ அழைத்து, தோட்டத்தின் பெயர், பக்கத்துச் சாலை, அடையாளம் சொல்லுங்கள். கொள்ளை பற்றித் தெரிந்தால் தகவல் கொடுப்பது சட்டப்படியும் கடமை. சண்டையில் இறங்குவது கடமை அல்ல.
* தனியாகப் போகாதீர்கள். விளக்குகளைப் போட்டு, சத்தம் எழுப்பி, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். ஆள் கூடினாலே பெரும்பாலும் ஓட்டம் பிடிப்பார்கள்.
* ஓடுபவரின் உருவம், வண்டி எண், போன திசை ஆகியவற்றைக் கவனியுங்கள்.
* கைகலப்பு நடந்திருந்தால் நீங்களே போலீஸுக்குச் சொல்லுங்கள். அரிவாளைக் கழுவவோ ஒளிக்கவோ வேண்டாம்.
* உங்களுக்குச் சிறு கீறல் விழுந்திருந்தாலும் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். திருடன் காயம்பட்டிருந்தால் அவருக்கும் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

இந்தப் பதிவுகள் ஏன் முக்கியம் என்றால், தற்காப்புக்காகச் செய்தேன் என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பு, வழக்கில் மாட்டியவருடையது. உயிருக்குப் பயந்த நேரத்தில் ஒருவர் கொடுத்த அடியைத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனாலும் வழக்கு உடனே முடிந்துவிடாது. பஞ்சாபில் 1991-ல் ஒரு நிலத் தகராறில், தன் தந்தையை வெட்டியவரை மகன் சுட்டார். கீழ் நீதிமன்றம் விடுவித்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. அது தற்காப்புதான் என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது 2010-ம் ஆண்டு ஆகியிருந்தது.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள், தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். உதவி எண் 15100. இந்த எண்ணையும் 112-ஐயும் தோட்டத்து வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.